வனுவாட்டுக்காரியின் தாத்தா எழுதுவது

பந்தலூர்,
ஆகஸ்ட் கடைசி, 2025

அன்புள்ள மட்டக்கம்பு,

உன் கண் ஆபரேஷனை விசாரிப்பது, என் மூட்டுவலியைச் சொல்லிப் புலம்புவது எல்லாம் அப்புறம். முதலில் வனுவாட்டு.

சிரிக்காதே. ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ‘மாதிரி ஐ.நா. சபை’ என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, அந்த நாட்டுத் தூதராகப் பேசச் சொல்வார்களாம். பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அமெரிக்கா, சீனா, ரஷ்யா. நம் கவிக்கு வனுவாட்டு. சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தோம் என்கிறார்கள், நம்புவோம். வீட்டுக்கு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, “வாயிலேயே நுழையல தாத்தா, இவங்க பேசினா யாரு கேப்பாங்க?” என்று ஒரே அழுகை. அவள் பாட்டி சும்மா இருப்பாளா? “பக்கத்துல இருக்கிற நேபாளத்தையாவது கொடுத்திருக்கக் கூடாதா” என்று அவள் பங்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார் கையில் இப்படி ஒரு விஷயம் சிக்கினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மழையோ விடுகிற வழியாக இல்லை. தேவாலா பக்கம் போய்வரக்கூட முடியவில்லை. உட்கார்ந்து கிளறிக்கொண்டே இருந்தேன். இப்போது என் பக்கத்தில் வீட்டில் எவரும் உட்காருவதில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ கொட்டாவி விட்டால் எனக்குத் தெரியாது பார்.

வனுவாட்டு பசிபிக்கில் இருக்கிறது. எண்பதுக்கு மேற்பட்ட தீவுகள், மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனம். நம் நீலகிரி மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது. 1980-இல்தான் சுதந்திரம். அதற்கு முன் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்டிருக்கின்றன: இரண்டு போலீஸ், இரண்டு சட்டம், இரண்டு சிறை. ஒரே தோட்டத்துக்கு இரண்டு துரை, காலையில் ஆளெண்ணுகிற பெரட்டும் இரண்டு என்று வைத்துக்கொள். புயலும் கடலும் அந்தத் தீவுகளைத் தின்றுகொண்டே இருக்கின்றன. 2019-இல் அங்கே சட்டம் படித்த பிள்ளைகள் இருபத்தேழு பேர், வகுப்பில் பேசியதை வகுப்போடு விடாமல், “உலக நீதிமன்றத்திடமே கேட்போம், பருவநிலையைக் கெடுக்கிற நாடுகளுக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டா இல்லையா” என்று கிளம்பிவிட்டார்கள். வனுவாட்டு அரசாங்கம் அதைக் கையில் எடுத்தது. வாசல் வாசலாக ஏறி இறங்கி, 130-க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்த்துக்கொண்டு, 2023 மார்ச் 29-இல் ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஓட்டெடுப்பே இல்லை. எதிர்க்க ஒருவருக்கும் முகமில்லை. போன டிசம்பரில் ஹேக் நகரில் வாதங்கள், போன மாதம் 23-ஆம் தேதி நீதிமன்றத்தின் கருத்து. நீதிபதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லியிருக்கிறார்கள்: பொறுப்பு உண்டு, தவறினால் அதற்கு விளைவும் உண்டு. கடல் ஏறி ஒரு நாட்டின் நிலம் போனாலும், அதனாலேயே அது நாடு இல்லையென்று ஆகிவிடாது என்றும் ஒரு வரி வருகிறது. அந்த வரியை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே.

நீ இந்நேரம் வாயைத் திறந்திருப்பாய். “அது வெறும் கருத்து, தீர்ப்பில்லை. அமெரிக்காக்காரன் ஒரு புகைபோக்கியையாவது மூடினானா?” சரி, மூடவில்லை. 1983-இல் கிரெனடா என்ற சின்னத் தீவு நாட்டுக்குள் அமெரிக்கப் படை இறங்கியபோது கொளப்பள்ளி டீக்கடையில் நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பொதுச்சபையில் 108 நாடுகள் கண்டித்து ஓட்டுப் போட்டன, எதிர்த்தவை 9. என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. பெரியவன் பெரியவன்தான் என்று நீ அன்று மேஜையைத் தட்டியதில் மணியின் டீ கொட்டியதுதான் மிச்சம்.

ஆனால் நீ ஐஸ்லாந்தைக் கணக்கில் எடுக்கவில்லை. படையே இல்லாத நாடு. எழுபதுகளில் அங்கே இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர்தான். கடலில் பிடிக்கிற காட் மீன்தான் சோறு. பிரிட்டிஷ் இழுவைப் படகுகள் கரை வரைக்கும் வந்து அள்ளிக்கொண்டு போயின. ஐஸ்லாந்து 1958-இல் 12 மைல் வரைக்கும் எங்கள் கடல் என்றது, 1972-இல் 50 என்றது, 1975-இல் 200 என்றது. பிரிட்டன் போர்க்கப்பலையே அனுப்பியது. இவர்களிடம் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சில கடலோரக் காவல் கப்பல்கள். அதில் ஒரு கருவியைக் கட்டினார்கள், பார்ப்பதற்கு ஏதோ நங்கூரம் மாதிரி. அதைக் கடலுக்குள் இறக்கி, பிரிட்டிஷ் படகின் பின்னால் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனால் வலையை இழுக்கிற கம்பி அறுந்துவிடும். வலையும் அதிலிருக்கிற மீனும் அடியில். குண்டு இல்லை, ரத்தம் இல்லை, முதலாளிக்கு நஷ்டம் மட்டும். போர்க்கப்பல்கள் வந்து இடித்துப் பார்த்தன. காவல் கப்பல்களும் திருப்பி இடித்தன.

அது ஒரு பக்கம். கெப்லாவிக் என்ற இடத்தில் அமெரிக்கத் தளம் ஒன்று இருந்தது. ரஷ்ய நீர்மூழ்கிகளை அங்கிருந்துதான் கண்காணித்தார்கள். “நேட்டோ ராணுவக் கூட்டணியை விட்டுப் போகட்டுமா?” என்று ஐஸ்லாந்து கேட்டது. 1976 பிப்ரவரியில் பிரிட்டனோடு தூதரக உறவையே முறித்தது. ஜூன் மாதம் பிரிட்டன் இறங்கி வந்து 200 மைலை ஒப்புக்கொண்டது. பீரங்கி யாருடையது என்பது முக்கியமில்லை மட்டக்கம்பு. பெரியவனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்திருக்கிறது, அங்கேயே கை வைத்தார்கள். இதைக் கவியிடம் சொன்னபோது அவளுக்கு அழுகை நின்றது. கம்பி அறுக்கிற கருவியின் படத்தைப் பார்த்துவிட்டு, “சூப்பர் தாத்தா” என்றாள். என் வாழ்நாளில் ஒரு வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத பட்டம்.

எல்லாச் சின்ன நாடும் இப்படி வீரம் பேசுவதில்லை. நவ்ரு என்று 21 சதுர கிலோமீட்டரில் ஒரு நாடு. பாஸ்பேட்டைத் தோண்டித் தோண்டித் தீர்ந்துவிட்டது, இப்போது விற்பதற்கு மிச்சமிருப்பது ஐ.நா. ஓட்டுதான். 2002-இல் தைவானை விட்டுச் சீனா பக்கம் போனார்கள், 2005-இல் தைவானுக்குத் திரும்பினார்கள், 2024 ஜனவரியில் மறுபடி சீனா. நம் கட்சிக்காரர்கள் தோற்றார்கள். ஜிபூட்டி இன்னும் கெட்டிக்காரன்: அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா என்று எல்லாருக்கும் தளத்துக்கு இடம் கொடுத்து வாடகை வாங்குகிறான். சிங்கப்பூர் 1992-இல் சின்ன நாடுகளையெல்லாம் திரட்டி ஒரு மன்றம் தொடங்கியது. இன்று அதில் நூறு நாடுகளுக்கு மேல். ஐ.நா.வில் மொத்தமே 193. எண்ணிப் பார், பாதிக்கு மேல். உன் மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறானே, அவனுக்காவது இது தெரியுமா?

இதுவரைக்கும் உற்சாகம்தான். போட்டிக்கு முந்தின ராத்திரி கவி ஒரு கேள்வி கேட்டாள். “நீங்க பொறந்த சிலோனும் சின்ன நாடுதானே தாத்தா? அது எந்தப் பெரிய நாட்டையாவது ஜெயிச்சிருக்கா?”

நான் வாத்தியார் மிடுக்கோடு ஆரம்பித்தேன். 1952-இல் அமெரிக்காவின் மிரட்டலையும் மீறிச் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கியதைச் சொன்னேன். 1962-இல் இந்தியாவும் சீனாவும் அடித்துக்கொண்டபோது ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டிச் சமாதானம் பேசியதைச் சொன்னேன். 1971-இல் உள்நாட்டுக் கலவரத்தை அடக்க இந்தியாவின் உதவியை வாங்கிக்கொண்டு, அதே வருஷம் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பவும் விட்ட சாமர்த்தியத்தைச் சொன்னேன். பிரதமராக இருந்த சிறிமாவோ அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவன், 1964-க்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

சின்ன நாடு பெரிய நாட்டை மேஜையில் உட்கார வைத்துக் காரியம் சாதித்ததற்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. 1948-இலேயே சட்டம் போட்டு, தேயிலைத் தோட்டத்து இந்திய வம்சாவளித் தமிழர்களான நம்மை நாடற்றவர் ஆக்கியாயிற்று. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான் என்று நேரு கடைசி வரைக்கும் பிடி கொடுக்கவில்லை. மே மாதம் அவர் போனார். அக்டோபர் 30-இல், அவருக்குப் பின் பிரதமரான சாஸ்திரி, நம்மைப் பங்கு போடுகிற ஒப்பந்தத்தில் சிறிமாவோவோடு கையெழுத்துப் போட்டார். சீனாவிடம் அடிவாங்கியிருந்த நேரம், அக்கம்பக்கத்தில் யாரையும் பகைத்துக்கொள்ள டெல்லிக்குத் தெம்பில்லை. அது கொழும்புக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதே முக்கால் லட்சம் பேர்: 5,25,000 உனக்கு (இந்தியாவுக்கு), 3,00,000 எனக்கு (இலங்கைக்கு), மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள், 75,000, 75,000.

ஐஸ்லாந்து செய்ததும் இதுதானே? பெரியவனுக்கு வலிக்கிற இடம் பார்த்துக் கை வைப்பது. ராஜதந்திரம் என்று பார்த்தால் நூற்றுக்கு நூறு. நான் பரீட்சைத் தாள் திருத்துகிறவனாக இருந்தால் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கே அடியில் போனது வலை இல்லையே. நம்மை இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிய அழுகைக் கோச்சியில், அந்த ரயிலில், உன் அம்மா ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. லயத்தில் பூட்டாமல் விட்டு வந்த வீட்டைப் பற்றித்தான் திரும்பி வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் கேம்ப் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். இங்கே வந்தால் அரசாங்கத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் அதே கொழுந்து, அதே கூடை, பேர் மட்டும் ‘சிலோன்காரன்’. அங்கே இருந்த வரைக்கும் நாம் ‘இந்தியாக்காரன்’.

“கையெழுத்துப் போட்ட இடத்துல நம்ம ஆளு யாரு தாத்தா இருந்தாங்க?” என்று கவி கேட்டாள். யாரும் இல்லை என்றேன். ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்றால் இன்றைய வனுவாட்டு மாதிரி மூன்று நாடு. கொடி இல்லை, ஐ.நா.வில் நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் காம்பியா செய்ததைப் படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு துண்டு நாடு. மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கும் அதற்கும் எல்லைத் தகராறு இல்லை, வியாபாரமும் இல்லை. அவர்களும் நம்மைப் போலச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டவர்கள்தான். 2019 நவம்பரில் காம்பியா அதே உலக நீதிமன்றத்துக்குப் போய் மியான்மர் மேல் இனப்படுகொலை வழக்குப் போட்டது. உனக்கு என்ன பாதிப்பு, நீ யார் கேட்க என்றது மியான்மர். நீதிமன்றம் 2022-இல் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட எந்த நாடும் கேட்கலாம் என்பதுதான் கணக்கு. நமக்காக அன்று கேட்க இப்படி ஒரு நாடு எங்காவது இருந்திருந்தால் என்று யோசித்தேன். உடனே உன் குரல் காதில் விழுந்தது: “இருந்திருந்தா மட்டும் கோச்சி நின்னிருக்குமாக்கும்.” நின்றிருக்காதுதான். ஆனாலும் ஒருவன் எழுந்து கேட்டான் என்று எங்கேயோ ஒரு தாளிலாவது பதிவாகியிருக்கும். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உனக்கு எப்படித் தெரிகிறது என்று எழுது. மேஜையைத் தட்டாமல் எழுது.

போட்டி என்ன ஆயிற்று என்று கேட்பாயே. பரிசு அமெரிக்காவுக்கு. அங்கேயும் அப்படித்தான். ஆனால் கவி எழுந்து, “எங்கள் நிலம் முழுகிய பிறகும் நாங்கள் நாடுதான் என்று உலக நீதிமன்றம் சொல்கிறது, அமெரிக்கத் தூதர் அதை ஏற்கிறாரா?” என்று கேட்டதும் அந்தப் பையன் கையிலிருந்த தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தானாம். டீச்சரே மணியடித்துத்தான் அவனைக் காப்பாற்றியிருக்கிறார்.

மற்ற செய்திகள்: மணியின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம், பத்திரிகை வரும். சேரம்பாடி பக்கம் யானை மறுபடி இறங்கியிருக்கிறது. பச்சைத்தேயிலை விலை நீ எதிர்பார்க்கிறபடிதான். சீனி மூட்டைக்காரர் போன வாரம் தவறிவிட்டார். அவரைப் பற்றி நேரில் பேசலாம்.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. கவி இப்போது 1964-ஐப் பிடித்துக்கொண்டுவிட்டாள், பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதப்போகிறாளாம். எங்கள் வீட்டுக் காகிதங்களைக் கரையான் தின்றது உனக்குத் தெரியும். உன் அம்மாவின் பெட்டியில் அந்தக் குடும்ப அட்டையும் கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டும் இருக்குமே, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, பார்வை தெளிந்த பிறகு எடு. போன தடவை மாதிரி உன் கட்டைவிரலை மட்டும் அனுப்பி வைக்காதே.

அன்புடன்,
ராசு