என்ஜின் மாற்றிய பழைய வேன்களின் முன்பக்கத்தையும் சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பழைய வேன் உரிமையாளர் ஒருவர்

பெறுநர்:
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை

பொருள்: பானெட் இல்லாத பழைய வேன்களில் என்ஜின் மாற்றத்துக்கு ஒப்புதல் தரும்போது முன்பக்க உறுதி, பிரேக், சீட் பெல்ட் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டுவது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். முகம் தட்டையான பழைய வேன் ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். அதன் 800 சிசி என்ஜின் தேய்ந்துபோனதால் 1300 சிசி என்ஜின் ஏற்றினேன். முறையாக விண்ணப்பித்து, சோதனைக்கும் கொண்டுபோனேன். என்ஜின் எண்ணைப் பென்சிலால் தேய்த்து நகல் எடுத்தார்கள், புகை அளந்தார்கள், பதிவுச் சான்றில் புது எண் ஏறியது. டிரைவர் காலடியில் கிடந்த தரைவிரிப்பை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

அப்புறம் நானே தூக்கிப் பார்த்தேன். பெடலுக்கு முன்னால், தரைத் தகடு சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. அவ்வளவு துரு. பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருந்ததால் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. அதைவிட மோசம், பெரிய ரேடியேட்டருக்கு இடம் வேண்டுமென்று முன் கிராஸ் மெம்பரில், அதாவது அடிச்சட்டத்தின் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தில், ஒரு கை அகலத்துக்கு வெட்டி எடுத்திருந்தார்கள். மோதினால் என் காலுக்கு முன்னால் நிற்கக்கூடிய கெட்டியான இரும்பு அது ஒன்றுதான்.

இந்த வகை வேனில் டிரைவர் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்கிறார். முழங்காலுக்கும் முன் தகட்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். காரில் பானெட் நசுங்கி மோதலை வாங்கிக்கொள்ளும். இங்கே அந்த வேலையைச் செய்ய எதுவும் இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே பெல்ட் கட்டி இருப்பவர் மேல் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு விசை வரும். 20 சென்டிமீட்டருக்குள் நின்றால் அதுவே 49 மடங்கு. ஸ்டெப்னியை முன்னால் மாட்டிவிட்டால் போதும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு டயர் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது.

இதன் மேல் பெரிய என்ஜினும் வந்தால் என்ன ஆகும்? 60-இல் போன வண்டி 85-இல் போனால் மோதலின் ஆற்றல் இரண்டு மடங்கு, பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேக் மட்டும் பழைய பிரேக்தான்.

புது வண்டிகளுக்கு அரசுகள் இதைப் புரிந்துகொண்டுதான் விதி போட்டன. பிரேசிலில் 2014 முதல் ஏர்பேகும் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்றதும் முகம் தட்டையான வோக்ஸ்வேகன் கோம்பி வேனின் உற்பத்தி 2013-இல் நின்றது. இந்தியாவில் புதிய பாதுகாப்பு விதிகள் வந்த 2019-இல் மாருதி ஆம்னி வேனும் நின்றது. ஆனால் ஏற்கெனவே சாலையில் இருக்கும் வேன்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில்தான் என்ஜின் மாற்றமும் நடக்கிறது.

என்ஜின் மாற்றத்தைத் தடை செய்யும்படி நான் கேட்கவில்லை. பழைய என்ஜினுக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை, ஏற்றத்தில் லாரிக்கு முன்னால் திணறி நிற்பதும் ஆபத்துதான். தடை போட்டால் அனுமதி கேட்காமல் மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

எனவே, ஒப்புதல் தருவதற்கு முன் வேனை அடிப்பக்கம் பார்ப்பதற்கான பள்ளத்தின் மேல் நிறுத்தி, தரைவிரிப்பை எடுத்து, முன் சேஸிஸில் துருவோ வெட்டோ இருக்கிறதா என்று பார்க்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே புது எண் ஏற வேண்டும். திறன் கூடும்போது அதற்கேற்ற பிரேக்கும் இருக்க வேண்டும். முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும். தோள் வழியாகப் போகும் மூன்று முனை பெல்ட்டைக் கட்டாயமாக்க வேண்டும். அதன் போல்ட் வெறும் தகட்டில் முடுக்கப்படாமல், பின்னால் கனமான பட்டை வைத்து முடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். வெறும் தகட்டில் முடுக்கினால் மோதலில் அந்த இடம் பிய்ந்து வரக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

என் வேனின் கிராஸ் மெம்பரை மாற்றிவிட்டேன். வெட்டிய பழைய துண்டு என்னிடம் இருக்கிறது. தங்கள் ஆய்வாளர்கள் பார்க்க விரும்பினால், அதையும் வேனையும் சொல்கிற நாளில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய வேன் உரிமையாளர்