1986-ஆம் ஆண்டு விலையில் எங்கள் நெல்லை அளக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

நாடுகளுக்கு இடையிலான வணிகத்துக்கு விதி வகுக்கும் உலக வர்த்தக அமைப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மானியத்தை எந்த நாடு கொடுத்தாலும் அது வர்த்தகத்தைக் கெடுக்கும், எல்லோரும் ஒரே அளவில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை மானியம் என்கிறார்கள், அதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்ற இடத்துக்கு அவர் போகவே இல்லை. நான் மன்னார்குடிப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறவன். என் நெல்லும் அந்தக் கணக்கில் வருவதால் இதை எழுதுகிறேன்.

அரசு ஒரு விலையை அறிவித்து, அந்த விலைக்கு நெல்லை வாங்கிச் சேமிக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தின்படி, அந்த விலைக்கும் 'வெளி ஒப்பீட்டு விலை' என்ற ஒன்றுக்கும் உள்ள வித்தியாசம் உழவருக்குக் கொடுத்த மானியமாக எழுதப்படுகிறது. ஒப்பீட்டு விலை என்றால் இன்றைய உலகச் சந்தை விலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது இல்லை. 1986 முதல் 1988 வரை இருந்த விலையின் சராசரி அது. இந்தியாவின் அரிசிக்கு டன்னுக்கு 262.51 டாலர். உலக வர்த்தக அமைப்பு தொடங்கியது 1995-இல். அந்த அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் எழுதி வைத்த எண் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

1987-88 பருவத்தில் மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 150 ரூபாய். அப்போது அப்பாதான் விவசாயம் பார்த்தார். ஒரு டாலர் சுமார் 13 ரூபாய். 2025-26 பருவத்துக்கு அறிவித்த விலை 2,369 ரூபாய். நூறு கிலோ நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசி என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஒரு டன் அரிசிக்கு நெல்லின் விலை மட்டும் ஏறக்குறைய 35,350 ரூபாய் ஆகிறது. டாலரை 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பழைய ஒப்பீட்டு விலை ஏறக்குறைய 22,300 ரூபாய். இடையில் இருக்கும் சுமார் 13,000 ரூபாயை அரசு எனக்குக் கொடுத்த மானியம் என்று இந்த விதி சொல்கிறது. அந்தப் பணத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. டீசல், உரம், நடவுக் கூலி, அறுவடை இயந்திர வாடகை என்று இத்தனை ஆண்டுகளில் ஏறிய விலைவாசிதான் அது. டாலரின் மதிப்பும் இந்தக் காலத்தில் தேய்ந்துதான் இருக்கிறது. அளவுக்கு மீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு. ஆனால் எப்படிக் கருத்தில் கொள்வது என்று எழுதாததால் அதனால் பயன் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கின்படி வரும் தொகை, வளரும் நாடுகளுக்கு அந்தப் பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2018-19-இல் அரிசிக்கு இந்தியா தாண்டியது. உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், கொடுத்த ஆதரவு 500 கோடி டாலர் என்று இந்தியாவே தெரிவித்தது. 11 சதவீதத்துக்கு மேல் வருகிறது. இதற்கு முன்பே, 2018 மே மாதத்தில் அமெரிக்கா வேறு ஒரு கணக்கைக் கொண்டுவந்து வைத்தது. வாங்கிய நெல்லுக்குப் பதிலாக விளைந்த நெல் முழுவதையும் எடுத்து, டாலருக்குப் பதிலாக ரூபாயில் போட்டு, இந்தியா 70 சதவீதத்துக்கு மேல் மானியம் தருவதாகச் சொன்னது. ஒரே நாடு, ஒரே நெல், கணக்குப் போடும் முறையை மாற்றினால் விடை இவ்வளவு மாறுகிறது. இதை வைத்து ஒரு நாட்டைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது?

குறைக்கச் சொல்கிறவர்கள் நிலை என்ன? அந்த 1986-88 ஆண்டுகளில் யார் அதிகமாக மானியம் கொடுத்தார்களோ, அவர்கள் அதில் 20 சதவீதத்தைக் குறைத்துவிட்டு மீதியைத் தொடரலாம் என்று ஒப்பந்தம் அனுமதித்தது. அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோ என்று உரிமை கிடைத்தது அப்படித்தான். அதை எந்தப் பயிருக்கு வேண்டுமானாலும் குவிக்கலாம். அன்று கொடுக்க வசதி இல்லாத நாடுகளுக்கு அந்த உரிமையே இல்லை. சீனாவுடன் வரிச் சண்டை வந்தபோது அமெரிக்கா தன் விவசாயிகளுக்கு 2018-இல் 1,200 கோடி டாலரும் அடுத்த ஆண்டு 1,600 கோடி டாலரும் அறிவித்தது. கஷ்டத்தில் இருந்த விவசாயிக்கு அரசு கை கொடுத்தது, அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த இடம் எங்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 81 கோடிப் பேர் ரேஷனில் தானியம் வாங்குகிறார்கள். கொள்முதல் நின்றால் அவர்கள் தட்டுக்கு எங்கிருந்து வரும்?

2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு 'சமாதானப் பிரிவு' கொண்டுவந்தார்கள். வரம்பைத் தாண்டினாலும் வழக்குப் போட மாட்டோம், நான்கு ஆண்டுக்குள் நிரந்தரத் தீர்வு காண்போம் என்றார்கள். 2018-19-இல் இந்தியா ஒதுங்கியது இந்த நிழலில்தான். 2017-இல் புவனோஸ் அய்ரஸில் கூடினார்கள், தீர்வு இல்லை. 2024-இல் அபுதாபியிலும் இல்லை. அந்தப் பிரிவும் 2013 டிசம்பரில் அந்த முடிவு எடுத்தபோது ஏற்கெனவே இருந்த திட்டங்களுக்குத்தான். நாளைக்கு வேறொரு ஏழை நாடு தன் மக்களுக்காகப் புதிதாகத் தானியம் வாங்கிச் சேமிக்க நினைத்தால் அந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. எனக்கு இதுதான் மிகப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, எதிர்த்தரப்பு சொல்வதிலும் ஒரு உண்மை இருக்கிறது. உலக அரிசி வர்த்தகத்தில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. அரசு வாங்கிச் சேமித்த அரிசி எந்த வழியிலாவது கப்பலேறினால், தாய்லாந்திலும் பாகிஸ்தானிலும் நெல் போடுகிறவர்களின் விலை விழும். அவர்களும் என்னைப் போலச் சேற்றில் இறங்கி நிற்பவர்கள்தான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு நாம் தடை போட்டோம். நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் அப்போது தவித்தன. நாம் எடுக்கும் முடிவு அடுத்தவர் அடுப்பையும் தொடுகிறது என்பதை மறைக்க முடியாது.

அதனால் என் கருத்து இது. ஒப்பீட்டு விலையைக் கடைசி ஐந்து ஆண்டு விலையை வைத்துக் கணக்கிடட்டும், அதில் மிக உயர்ந்த ஆண்டையும் மிகக் குறைந்த ஆண்டையும் தள்ளிவிடலாம். வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-33 நாடுகளும் ஆப்பிரிக்க நாடுகளும் ஏற்கெனவே இப்படி ஒரு யோசனையை வைத்திருக்கின்றன. அதற்கு ஈடாக, அரசுக் கிடங்கு அரிசியில் ஒரு மூட்டைகூட ஏற்றுமதிக்குப் போகாது என்று இந்தியா தானே முன்வந்து எழுதிக் கொடுக்க வேண்டும். கிடங்கிலிருந்து எவ்வளவு வெளியே போனது, யாருக்குப் போனது என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். பாலி முடிவிலேயே இதற்கு நிபந்தனை இருக்கிறது, ஆனால் யாரும் சரிபார்க்கும்படி இல்லை. இதை நாமே சொன்னால்தான் எதிரில் இருப்பவர் நம் பேச்சைக் கேட்பார்.

ஒரு வேண்டுகோள். அரிசிக் கொள்முதல் பற்றி ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்புக்கு இந்தியா அனுப்பும் கணக்கைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. உங்கள் இதழ் ஆண்டுக்கு ஒரு முறை அதை வெளியிட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும் என்று நெல்லைக் கிளறிக் காயவைத்துக்கொண்டு, முறை வரும்வரை நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம். படித்துப் பேச எங்களுக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மன்னார்குடி வட்டம்.