காதருக்கு: ஹஜ் ஊசி பற்றி

பாளையங்கோட்டை

அன்புள்ள காதர்,

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருட ஹஜ் பட்டியலில் உன் பேரும் தங்கச்சி பேரும் வந்துவிட்டது என்று படித்தவுடன் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் விழாமல், மறுபடி போட்டு என்று நீ அலைந்ததெல்லாம் எனக்குத் தெரியும். இனி நல்லபடியாகப் போய் வாருங்கள். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை. மகள் சென்னைக்கே வந்து இருங்கள் என்று நச்சரிக்கிறாள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவன் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்க முடியுமா, சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "இந்த வயதில் எனக்கு எதற்கு மூளைக்காய்ச்சல் ஊசி? அது ஆப்பிரிக்காவில் வருகிற நோய் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், போட்டால் காய்ச்சல் வேறு வருமாம்" என்று எழுதியிருக்கிறாய். கணக்கு வாத்தியார் நீ. எண் இல்லாமல் எதையும் நம்ப மாட்டாய். எனக்குத் தெரிந்த எண்களோடு சொல்கிறேன்.

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி மூன்று மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடையில் ஒரு நீர் ஓடிக்கொண்டே இருக்கும். கிருமி அங்கே போய்ச் சவ்வு வீங்குவதுதான் நீ மூளைக்காய்ச்சல் என்று எழுதிய மெனிஞ்சைட்டிஸ். வைரஸால் வந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். காசநோய்க் கிருமியால் வந்தால் வாரக்கணக்கில் மெதுவாக ஆளை உருக்கும். பூஞ்சையாலும் வரும், அது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு. நீ பயந்து கேட்டிருந்த கேரளத்து அமீபா வேறு கதை. அது குளத்துத் தண்ணீர் மூக்கு வழியாக ஏறினால்தான் வரும், குடித்தால் வராது, ஆளுக்கு ஆள் ஒட்டாது. காயல்பட்டினம் கடலில் குளிக்கிற உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பயப்பட வேண்டியது பாக்டீரியாவால் வருவதற்குத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி அது வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறந்துபோகிறார். ஐந்தில் ஒருவருக்குப் பெரிய குறை ஏதாவது தங்கிவிடுகிறது: காது கேட்காமல் போவது, வலிப்பு, கைகால் இழப்பு. வேகமோ அதைவிட மோசம். காலையில் காய்ச்சல் என்று படுத்தவர் மறுநாள் காலைக்குள் இல்லாமல் போகலாம்.

லேபில் உட்கார்ந்திருந்த எனக்கு இந்த நோய் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயாகத்தான் வந்து சேரும். முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் அது. நல்ல நீர் பளிங்காக இருக்கும், குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். பாக்டீரியா இருந்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கியிருக்கும். அப்போதே தெரிந்துவிடும், வார்டுக்குப் போன் போட்டுவிடுவோம். பிறகுதான் மற்றதெல்லாம்: வெள்ளை அணுக்களை எண்ணுவது, சர்க்கரை குறைந்திருக்கிறதா, புரதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, சாயம் போட்டு நுண்ணோக்கியில் வைப்பது. இளஞ்சிவப்பில் இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு தெரிந்தால் மெனிங்கோகாக்கஸ் என்ற பாக்டீரியா, உன் ஹஜ் ஊசி இதற்குத்தான். ஊதா நிறத்தில் இரட்டையாக இருந்தால் நிமோகாக்கஸ் என்ற இன்னொரு பாக்டீரியா. புதிதாக வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது, இந்தக் குழாயை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதே என்பதுதான். மெனிங்கோகாக்கஸ் குளிரில் செத்துப்போகும். பிறகு வளர்த்துப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆளைக் கொல்கிற கிருமிக்குக் கொஞ்சம் குளிர் தாங்காது, பார்த்தாயா!

அந்த நீரை எடுக்க விடாமல் வீட்டார் தடுப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். "முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும்" என்பார்கள். நம் ஊரில் படித்தவர்களும் இதைச் சொல்வார்கள். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, நீர் மட்டும் இருக்கிற இடத்தில். 1891-இல் ஜெர்மனியில் குவிங்கே என்ற மருத்துவர் தொடங்கி வைத்த முறை இது. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், பெரும்பாலும் அவ்வளவுதான். கால் விளங்காமல் போனவர்கள் உண்டென்றால் அது நோய் முற்றியதால் வந்திருக்கும், பழி ஊசி மேல் விழுந்திருக்கும். வாசலில் நின்று அழுகிற தாய்க்கு இதை அந்த நேரத்தில் புரியவைப்பது லேசில்லை. அதனால்தான் எந்த அவசரமும் இல்லாதபோது உனக்கு எழுதுகிறேன். நாலு பேரிடம் நீயும் சொல். வாத்தியார் சொன்னால் கேட்பார்கள்.

இப்போது உன் ஹஜ். மெனிங்கோகாக்கஸ் பொதுவாக ஒரு தொல்லையும் தராமல் மனிதர் தொண்டையில் குடியிருக்கிற கிருமி. நூறு பேரை நிறுத்தினால் சுமார் பத்துப் பேர் தொண்டையில் அது இருக்கும், அவர்களுக்கே தெரியாது. எச்சில், சளி வழியாகப் பரவும். ஆனால் ஜலதோஷம் போல எதிரே வந்தவருக்கெல்லாம் ஒட்டிவிடாது. ஒரே அறையில் படுத்து, ஒரே டம்ளரில் குடித்து, பக்கத்தில் பக்கத்தில் நாள்கணக்கில் இருக்க வேண்டும். மக்காவுக்குப் பக்கத்தில் மினாவில் கூடாரத்துக்குள் நீங்கள் இருக்கப்போவது அப்படித்தானே? 2024-இல் ஹஜ்ஜுக்கு வந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே 26 நாடுகள் கொண்ட ஒரு பட்டை இருக்கிறது. வறண்ட காற்றும் புழுதியும் வீசுகிற மாதங்களில் இந்த நோய் அங்கே கொள்ளைநோயாகக் கிளம்பும். அந்த நாட்டு மக்களும் உன்னோடுதான் காபாவைத் தவாஃப் சுற்றுவார்கள். உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி உண்மை. ஆப்பிரிக்காவில் அதிகம்தான், ஆனால் அங்கேயே நின்றுவிடுகிற நோய் இல்லை. டெல்லியில் 1966, 1985, 2005 என்று மூன்று முறை பரவியிருக்கிறது.

1987-இல் ஹஜ் கூட்டத்தில் இது பரவிய பிறகுதான் சவுதி அரசு ஊசியைக் கட்டாயமாக்கியது. இந்தக் கிருமியில் பல வகை உண்டு, அப்போது அடித்தது 'ஏ' வகை. 2000-இல் 'டபிள்யூ' வகை வந்தது. அன்றைக்குப் பெரும்பாலோர் போட்டிருந்த ஊசி 'ஏ', 'சி' என்ற இரண்டை மட்டுமே தடுக்கும். பல நாடுகளில் சேர்த்து 400 பேருக்கு மேல் நோய் வந்தது. காதர், இதை நிதானமாகப் படி: அதில் கணிசமான பேர் மக்காவையே பார்க்காதவர்கள். போய் வந்தவர்களின் வீட்டில் இருந்தவர்கள். ஹாஜியார் நலமாகத் திரும்பி வந்து ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்திருக்கிறார். தொண்டையில் இருந்தது அவருக்கே தெரியாமல் வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. 2024-லும் உம்ரா (ஹஜ் நாள்கள் அல்லாமல் மற்ற நாள்களில் போகிற மக்கா பயணம்) போய் வந்த தொடர்பில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றிலும் சேர்த்து 12 பேருக்கு வந்தது. அதில் இரண்டு பேர் பயணமே போகாதவர்கள். ஊசி விவரம் தெரிந்த ஒன்பது பேரில் ஒருவர்கூடப் போட்டுக்கொண்டவர் இல்லை.

ஆகவே "இந்த வயதில் எனக்கு எதற்கு" என்று நீ கேட்டது கேள்வியே இல்லை. உன் மகள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நீ விமான நிலையத்திலிருந்து நேரே அவனைத் தூக்கிக் கொஞ்சத்தான் போவாய், யார் சொன்னாலும் கேட்க மாட்டாய். ஊசி அவனுக்கும் சேர்த்துத்தான்.

ஊசியிலும் இரண்டு ரகம் உண்டு. பழைய ரகத்தில் கிருமியின் மேலுறையில் இருக்கிற சர்க்கரைப் பொருளை மட்டும் எடுத்துப் போடுவார்கள். உனக்கு நோய் வராமல் தடுக்கும், ஆனால் தொண்டையில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்காது. சின்னக் குழந்தைகளின் உடம்பு அந்தச் சர்க்கரையைச் சரியாகக் கண்டுகொள்வதும் இல்லை. புதிய ரகத்தில் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்துவிடுகிறார்கள். புரதத்தைக் கண்டதும் உடம்பு உஷாராகிவிடும், நெடுநாள் நினைவும் வைத்திருக்கும். தொண்டையில் குடியேறுவதும் குறையும். சவுதி விதிப்படி பழைய ரகம் மூன்று வருடம் செல்லும், இணைப்பு ரகம் ஐந்து வருடம். இரண்டில் எதுவானாலும் அங்கே இறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஹஜ் ஊசி முகாமில் எது போடுகிறார்கள் என்று கேள், அட்டையில் எழுதி வாங்கு. கை வலிக்கும், சிலருக்கு ஒருநாள் இலேசான காய்ச்சல் இருக்கும், தலைவலி இருக்கும். போலியோ சொட்டும் கொடுப்பார்கள். நரைத்த தாடியோடு வாயைத் திறந்து நிற்கும்போது சிரிக்காதே.

ஆப்பிரிக்கா என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1996, 1997 இரண்டு வருடத்தில் அந்தப் பட்டையில் இரண்டரை லட்சம் பேருக்கு நோய் வந்து 25,000 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட எல்லாம் 'ஏ' வகை. நல்ல ஊசி வேண்டும், ஆனால் ஒரு ஊசிக்கு அரை டாலருக்கு மேல் எங்களால் முடியாது என்றன அந்த நாடுகள். பணக்கார நாடுகளின் கம்பெனிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. கடைசியில் செய்து கொடுத்தது புனேயில் இருக்கிற சீரம் இன்ஸ்டிடியூட். இணைக்கும் நுட்பம் அமெரிக்க அரசின் ஆய்வகத்திலிருந்து வந்தது. சர்க்கரையோடு கோத்த புரதம் டெட்டனஸ் ஊசியில் இருக்கிற அதே சரக்கு, புனேக்காரர்களுக்குப் பழக்கமானது. குதிரை வளர்த்த குடும்பம் 1966-இல் தொடங்கிய கம்பெனி அது. குதிரை ரத்தத்திலிருந்து டெட்டனஸ் மருந்து எடுக்க ஆரம்பித்தவர்கள் இங்கே வந்து நிற்கிறார்கள். 2010 டிசம்பர் 6-ஆம் தேதி புர்கினா பாசோவில் முதல் முகாம். 1 வயதிலிருந்து 29 வயது வரை எல்லோருக்கும் போட்டார்கள். ஏன் பெரியவர்களுக்கும்? கிருமியைத் தொண்டையில் சுமந்து திரிவது இளவட்டங்கள்தான். அவர்களிடம் நிறுத்தினால் குழந்தைக்குப் போகாது. நான் உன் விஷயத்தில் சொன்ன அதே கணக்கு. பிறகு 30 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டாயிற்று. 2017-க்குப் பிறகு அந்தப் பட்டையில் 'ஏ' வகை நோய் ஒருவருக்குக்கூட உறுதியாகவில்லை. இடத்தைப் பிடிக்க மற்ற வகைகள் கிளம்பின. அதற்கும் ஐந்து வகையைத் தடுக்கும் ஊசியை அதே புனேயில் செய்தார்கள், 2024-இல் நைஜீரியா முதலில் போட ஆரம்பித்தது. நம் நாட்டில் செய்த மருந்து என்று ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற மாதிரி இதற்கு யாரும் தட்டியதாகத் தெரியவில்லை.

பேரன் விஷயம். அவனுக்கு ஹஜ் ஊசி தேவையில்லை, ஆனால் அவனுடைய அட்டையிலேயே இந்த நோய்க்கு எதிராக மூன்று ஊசி இருக்கிறது. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. குழந்தைகளுக்கு வரும் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தடுக்கத்தான் முக்கியமாகப் போடப்படுகிறது. பென்டா ஊசியில் ஹிப் என்ற கிருமிக்கு மருந்து இருக்கிறது. முன்பெல்லாம் ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளின் காதையும் உயிரையும் அதிகம் கொண்டுபோனது அதுதான். இந்தியாவில் அந்த ஊசியை 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது நம் தமிழ்நாடும் கேரளமும். நிமோகாக்கஸ் ஊசி நம் தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் 2021-இல் சேர்ந்தது. அது ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். இந்த ஒன்பதாம் மாத ஊசியைத்தான் நம் மக்கள் மறந்துவிடுவார்கள். உன் மகளிடம் அட்டையை எடுத்துப் பார்க்கச் சொல்.

அறிகுறியையும் எழுதிவிடுகிறேன், தங்கச்சியிடமும் படித்துக் காட்டு. பெரியவர்களுக்குக் கடும் காய்ச்சல், மண்டை பிளக்கிற வலி, வாந்தி, வெளிச்சம் பார்க்க முடியாமை, தாடையை நெஞ்சில் தொட முடியாத அளவுக்குக் கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே இருக்கலாம். உச்சிக்குழி புடைத்திருக்கும், பால் குடிக்காது, வீறிட்டு அழும் அல்லது துவண்டு கிடக்கும். தோலில் சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்து, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாவிட்டால் ஒரு நிமிடம் காத்திருக்கக்கூடாது. நம் நிறத்துக்கு உடம்பில் சட்டென்று தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் பார்க்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு விடியட்டும் என்று இருப்பதுதான் ஆளைக் கொல்வது. நேரே பெரிய ஆஸ்பத்திரி. மெனிங்கோகாக்கஸ் என்று உறுதியானால் கூடவே இருந்தவர்களுக்கும் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், அதை வாங்காமல் வரக்கூடாது.

அப்புறம், உனக்குச் சர்க்கரை இருப்பதால் நிமோகாக்கஸ் ஊசி உனக்கும் தேவையா என்று உன் டாக்டரிடம் கேள். நான் லேப்காரன், அதை முடிவு செய்ய வேண்டியது அவர். சர்க்கரை மாத்திரையைக் கைப்பையில் வை, பெட்டியில் போட்டுவிடாதே. போன தடவை என் மச்சான் துபாய் போனபோது பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது.

முகாம் தேதி தெரிந்ததும் போன் செய். வழியனுப்ப நானும் மதினியும் வருகிறோம் என்று தங்கச்சியிடம் சொல். வட்டிலாப்பம் இல்லாமல் அனுப்பிவிடக் கூடாது.

அன்புடன்,
சண்முகம்