பூச்சட்டிக்கு முன் பாரக் கணக்கு

திருகோணமலை மாவட்டத்தின் வீதிகளையும் பாலங்களையும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கும் உள்ளூராட்சி சபையினருக்கும்,

வணக்கம். வாகனம் ஓடாத பழைய பாலத்தைப் பூங்காவாக்கும் பேச்சு வந்தாலே சியோல் நகரைக் காட்டுகிறார்கள். அங்கே 1970இல் கட்டிய மேம்பாலம் 2017இல் நடைபாதையாகத் திறக்கப்பட்டது உண்மைதான். சான் பிரான்சிஸ்கோவிலோ, 1989 நிலநடுக்கத்தில் பழுதான எம்பார்காடெரோ மேம்பால வீதியை இடித்தே விட்டார்கள். கடற்கரை மக்களுக்குக் கிடைத்தது. வைப்பதா, இடிப்பதா என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். அழகான வரைபடத்தைப் பார்த்து அல்ல.

நம் கரையில் முதல் எதிரி உப்பு. அது கொங்கிறீற்றுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருக்கும்; கொங்கிறீற் வெடித்து உதிரும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. படகில் அடிப்பக்கம் போய் பீம்களின் முனைகளைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. பிறகு வெவ்வேறு ஆழத்தில் துளைத்தெடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். உதிர்ந்த இடத்தில் மட்டும் சாந்து பூசிவிடுவதுதான் வழமையான தவறு. பூசிய இடத்துக் கம்பி தப்பும். அதை ஒட்டிய, உப்பேறிய பகுதிக் கம்பி முன்னிலும் வேகமாக அரிக்கும். உப்பேறிய கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்புறம்வரை வெட்டியெடுக்க வேண்டும்.

அடுத்தது பாரம். ஈரமண் கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.8 தொன். 30 சென்ரிமீற்றர் நிரப்பினால் சதுர மீற்றருக்கு 540 கிலோ. நெருக்கியடித்து நிற்கும் சனத்துக்கே 500 கிலோதான் கணக்குப் போடுவோம். சனம் கலைந்து போகும், மண் போகாது. தும்புத்தூள் கலந்தால் பாரம் குறையும். ஆனால் உக்கி இறங்கும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஆழமான தொட்டிகளைத் தூண்களுக்கு நேர்மேலே மட்டும் வையுங்கள். வெயிலில் பாலம் விரிந்து சுருங்க விட்டிருக்கும் இடைவெளிகளான விரிவு இணைப்புகளை மண்ணால் மூடவே வேண்டாம்.

கச்சான் காற்றில் புற்றரை கருகிவிடும்; அடம்பன் கொடி தாக்குப்பிடிக்கும். நகரப்பக்கமென்றால் அங்கே திரியும் மான்களுக்கும் சேர்த்து நட வேண்டும், அவை தளிரை விட்டுவைக்காது! பறவை எச்சத்தில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளை வேர் ஓடுமுன் பிடுங்குங்கள்.

கேள்விக்கோரலுக்கு முன் பரிசோதனை அறிக்கையைத் தமிழிலும் வெளியிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வடிகுழாய் அடைப்பெடுப்பது எந்தச் சபை, எந்த நிதியில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கட்டுமானத்திலும் தோட்டக்கலையிலும் பணியாற்றுவோர்