அங்கன்வாடிப் பிள்ளைகளின் உயரம், எடை பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் பள்ளி வளாகத்து அங்கன்வாடியில் போன வாரம் பிள்ளைகளுக்கு உயரமும் எடையும் பார்த்தார்கள். நானும் கூட இருந்தேன். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளின் வீட்டாரிடம் பேசியபோது, "எங்க வம்சமே குட்டைதான் டீச்சர்" என்றுதான் பலரும் சொன்னார்கள்.

ஐந்து வயதுக்குள் அந்தக் கணக்கு செல்லாது. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்து பார்த்தது. நல்ல சாப்பாடும் சுகாதாரமான வீடும் கிடைத்த தில்லிப் பிள்ளையும் நார்வே பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். வம்சம் தன் வேலையைக் காட்டுவது அப்புறம்தான். நான்கு வயதுப் பெண் குழந்தை 94 செ.மீ. கூட இல்லையென்றால், முதலில் சாப்பாட்டையும் அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கையும்தான் கவனிக்க வேண்டும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் உயரம் குறைந்தவர்கள். ரத்தசோகை 57 பேருக்கு.

என்னை உறுத்துவது காலை டீயும் பன்னும். விடிந்ததும் வேலைக்கு ஓடுகிற வீட்டில் அடுப்பு மூட்டுவது எவ்வளவு சிரமம் என்று தெரியும். என் அம்மாவும் டீயில் வர்க்கியை நனைத்துக் கொடுத்துத்தான் எங்களை அனுப்பினார். ஆனால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும், பசியையும் அடக்கிவிடும். பிள்ளைக்கு டீ வேண்டாம். பழைய சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாலே போதும்.

வீட்டுக்குத் தருகிற சத்துமாவு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் உரியது. ஓரிரு வீடுகளில் அது மாட்டுத் தொட்டிக்குப் போவதாகக் கேள்வி. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

வாரம் இரண்டு முறை தரும் இரும்புச்சத்து சிரப்பை, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து சிலர் நிறுத்தியிருக்கிறார்கள். இரும்பு மருந்து குடித்தால் அப்படித்தான் போகும். தொடர்ந்து கொடுங்கள். மேற்கையில் சுற்றி அளக்கிற நாடா சிவப்பு காட்டினால், அதாவது 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால், தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

நேரம் கிடைக்கிற ஒரு மதியம் அங்கன்வாடிக்கு வந்து பாருங்கள். முட்டை போடுகிற நாளாக இருந்தால் நல்லது. வீட்டில் முட்டையைத் தொடவே மாட்டான் என்கிறீர்களே, இங்கே பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அவனும் சாப்பிடுகிறான்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்