ஓமந்தூராரின் எளிமையை மட்டும் பேசினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவசாயியாக இருந்து சென்னை மாகாண முதல்வரான ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அவருடைய எளிமை, சிபாரிசுக்கு இடம் கொடுக்காத கண்டிப்பு, வள்ளலார் மேல் வைத்திருந்த பக்தி எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் அவர் ஆட்சியில் வந்த நிலச் சட்டங்களுக்கு ஒரே ஒரு வரிதான். செட்டிநாட்டில் விவசாயம் பார்க்கும் எனக்கு அது மனசு ஒப்பவில்லை.

காரைக்குடி, தேவகோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நகரத்தார் வீடுகள்தான் ஞாபகம் வரும். அவற்றைத் தாண்டிப் போனால் கண்மாயையும் வானத்தையும் நம்பி நெல் போட்ட ஊர்கள். சிவகங்கை, ராமநாதபுரம் ஜமீன்களின் ஆளுகையில் இருந்த சீமை இது. ரயத்துவாரி ஊர்களில் சர்க்காருக்கு நேரடியாகத் தீர்வை கட்டினார்கள். இங்கே ஜமீனுக்குக் கட்ட வேண்டும்; பல இடங்களில் அந்தத் தீர்வை அதிகம். 1947-இல் வந்த சட்டம் அதைப் பக்கத்து ரயத்துவாரி நிலங்களின் அளவை ஒட்டிக் குறைத்தது. அடுத்து 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீன் முறையையே எடுத்துவிட்டது. ஜமீன்தாருக்கு இழப்பீடு, உழுத குடிக்கு ரயத்துவாரி பட்டா, கண்மாய்கள் அரசின் கைக்கு.

இது அவர் ஒருவர் செய்த காரியம் என்று சொல்ல மாட்டேன். 1937 ராஜாஜி அமைச்சரவையிலேயே வருவாய் அமைச்சர் பிரகாசம் தலைமையில் குழு போட்டு ஜமீன் குடிகளின் நிலையை விசாரித்தார்கள். ஆனாலும் சட்டம் நிறைவேறியது ஓமந்தூரார் காலத்தில்தான். 1947 மார்ச்சில் பதவியேற்றவர், சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி 1949 ஏப்ரலில் விலகிவிட்டார். அந்த இரண்டு ஆண்டுக்குள் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், இதுவும்!

குறையும் உண்டு. பண்ணை நிலங்களை ஜமீன்தார்கள் வைத்துக்கொள்ள வழி இருந்தது. குடியானவருக்கும் கீழே, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுதவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசு கைக்குப் போன கண்மாய்களில் எத்தனையோ தூர்ந்து கிடக்கின்றன, வரத்துக்கால்கள் ஆக்கிரமிப்பில். இதையும் சேர்த்து எழுதினால்தான் அவர் வாழ்க்கை முழுதாக வரும்.

இப்போது தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் தங்களை விவசாயி என்கிறார்கள். சரி, சட்டமன்றத்துக்குப் போய் நிலத்துக்கும் தண்ணீருக்கும் என்ன செய்தார்கள் என்று உங்கள் நிருபர்கள் கேட்க வேண்டும். ஓமந்தூராரை அளவாக வைத்தே கேட்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஜமீன் போய்ப் பட்டா வந்த காலத்தைச் சிறுவயதில் கண்ணால் பார்த்த பெரியவர்கள் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தயவுசெய்து ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
புதுவயல், சிவகங்கை மாவட்டம்