நாசரைக் காணிக் கணக்கிலும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எகிப்தின் ஜனாதிபதியாக இருந்த கமால் அப்துல் நாசரைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த கட்டுரை சுயெஸ் கால்வாயையும் 1967 இல் இஸ்ரேலிடம் கண்ட தோல்வியையும் விரிவாகப் பேசியது. காணிச் சீர்திருத்தத்தை மட்டும், நிலமெல்லாம் உழுதவனுக்குப் போய்விட்டது என்ற பாணியில் ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்படி நடக்கவில்லை.

எகிப்தில் 1952 செப்டெம்பரில் வந்த சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 200 பெத்தான் என்று உச்சவரம்பு வைத்தது. ஒரு பெத்தான் 4,200 சதுர மீற்றர். நம் யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிக் கணக்கில் 16 பரப்புக்குக் கொஞ்சம் கூட. பிள்ளைகளின் பேரில் இன்னும் 100 பெத்தான் எழுதி வைக்கலாம் என்பதால், பெரிய காணிக்காரக் குடும்பங்கள் அதிகம் நோகவில்லை. வரம்பு 1961 இல் 100 ஆகவும் 1969 இல் 50 ஆகவும் இறங்கியது. இத்தனைக்கும் பிறகு கைமாறியது நாட்டின் விளைநிலத்தில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். அதுவும் முதலில் அங்கே குத்தகைக்குப் பயிர் செய்தவர்களுக்கே போனது. கூலிக்கு வேலை செய்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பலருக்கு உண்மையில் உதவியது குத்தகைக்கு வைத்த கட்டுப்பாடு. காணி வரியின் 7 மடங்குக்கு மேல் குத்தகை வாங்கக்கூடாது என்றார்கள். காணி கிடைக்காதவருக்கும் இது பொருந்தியது. ஆனால் எழுத்தில் ஒரு தொகை, கையில் இன்னொரு தொகை என்ற பழக்கம் அங்கேயும் இருந்தது. இலங்கையில் நமது 1958 நெற்காணிச் சட்டத்தின் கீழ் குத்தகைக்காரரை எழுப்பிவிட்ட கதைகள் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உச்சவரம்பை மீறிக் காணியை ஒளித்து வைத்ததை எதிர்த்துப் பேசிய சலாஹ் ஹுசைன், 1966 இல் கம்ஷீஷ் கிராமத்தில் கொல்லப்பட்டார். சட்டம் வந்து 14 வருடங்களுக்குப் பிறகு!

காணி பெற்றவர் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். கிராமத்து வயல்களை மூன்று பெரிய துண்டங்களாக்கி, ஒன்றில் பருத்தி, மற்றவற்றில் கோதுமை, தீவனப்பயிர் என்று வருடாவருடம் சுழற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டங்களிலும் பங்கு இருந்ததால், ஒரே வருடத்தில் எல்லாம் பருத்தியாகி வீட்டுக்குக் கோதுமை இல்லாமல் போகவில்லை. நீர் பாய்ச்சுவதும் பூச்சி மருந்து அடிப்பதும் ஒரேயடியாக முடிந்தன. இந்த ஏற்பாட்டை நான் மெச்சுகிறேன். விலையை அரசு வைத்ததுதான் கோளாறு. பருத்தியைச் சங்கமே வாங்கி, விதைக்கும் பசளைக்கும் கொடுத்த கடனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. ஏற்றுமதி விலைக்கும் அந்த விலைக்கும் இருந்த வித்தியாசம் அரசின் கைக்குப் போனது. பழைய முதலாளிக்குப் பதிலாகப் புதிய முதலாளி என்று விவசாயி முணுமுணுத்திருந்தால் தப்பில்லை. கடைசியில் 1992 இல் வந்த சட்டம் குத்தகைப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. 1997 அக்டோபரில் அது முழுதாக நடைமுறைக்கு வந்தது.

நைல் நதியின் குறுக்கே நாசர் காலத்தில் கட்டிய அஸ்வான் உயர் அணைக்கு வருகிறேன். அணையின் ஏரியில் மூழ்கி நூபிய மக்கள் ஊரை இழந்தது கட்டுரையில் இருந்தது, நல்லது. விடுபட்டது வடிகால். முன்பு நைல் வெள்ளம் வருடத்துக்கு 10 கோடி தொன்னுக்கு மேல் வண்டலைக் கொண்டுவந்தது. வெள்ளம் வடியும்போது மண்ணின் உப்பையும் கழுவிக்கொண்டு போனது. அணைக்குப் பிறகு வண்டல் ஏரியில் தங்கியது, பசளை காசுக்கு வாங்க வேண்டியதாயிற்று, கடலோரம் அரிக்கப்பட்டது. வருடம் முழுவதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியதால் நிலத்தடி நீர் மேலே ஏறியது. வேர் மட்டத்தை எட்டிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மேலே படிந்தது. பிறகு 1970களில் உலக வங்கிக் கடனோடு, ஒன்றரை மீற்றர் அளவு ஆழத்தில் துளைக் குழாய்களைப் பதித்து நீரை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். அணையோடு சேர்ந்து செய்திருக்க வேண்டிய வேலை அது.

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராவதற்கு இதை உதாரணம் காட்டுவோர் இருக்கிறார்கள். அது சரிவராது. அங்கே தண்ணீர் கூடியதால் உப்பு ஏறியது. இங்கே சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் நல்ல தண்ணீரை மோட்டார் வைத்து அளவுக்கு மேல் இறைக்கிறோம். கீழிருக்கும் உப்புநீர் மேலே இழுபடுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

சுயெஸ் பற்றி ஒன்று மட்டும். 1956 ஓகஸ்ட் லண்டன் மாநாட்டில் கால்வாயைச் சர்வதேச நிர்வாகத்தில் வைக்கும் அமெரிக்க யோசனையை 22 நாடுகளில் 18 ஏற்றன. ஏற்காத நான்கு: சோவியத் யூனியன், இந்தியா, இந்தோனேசியா, இலங்கை. நம் நாட்டின் பெயரைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். தொடரின் அடுத்த பகுதியிலாவது அதைச் சேர்த்தால் நன்று.

வாசகர் ஒருவர்,
கோண்டாவில்